குடத்திலிருந்து வராத பெயர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொங்கு நாட்டு வீரபாண்டி பக்கம் ஒரு கோயில் வாசலில் நின்றுகொண்டு, 'வெள்ளை வரணும்... வெள்ளை வரணும்...' என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

யார், நானா? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பு எடுக்கிற நானா?

நானேதான். சிரிக்காமல் கேளுங்கள்.

கணக்கை வாய்ப்பாடாக ஒப்பிக்க வைக்காமல், அளந்தும் நிறுத்தும் பிள்ளைகளே கண்டுபிடிக்கிற மாதிரி சொல்லிக்கொடுத்தால் நன்றாக ஏறுமா? இதுதான் என்னுடைய ரிசர்ச். அதற்காக அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் வகுப்பை எடுத்துக்கொண்டேன். பாதிப் பேருக்குப் புது முறை. பாதிப் பேருக்குப் பழைய முறை. கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை.

யார் எந்தப் பாதியில்? வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"நல்லாப் படிக்கிற புள்ளைகளாப் பார்த்து நானே பொறுக்கித் தர்றனுங்க டீச்சர். உங்க பாடம் ஜெயிக்கோணுமல்லங்க?" என்றார் ஹெட்மாஸ்டர். தங்கமான மனுஷன்.

"ஐயையோ, வேண்டாம் சார்! அப்புறம் ஜெயிச்சது பாடமா, பிள்ளைகளான்னு எப்படித் தெரியும்? யார் கையும் படாம எடுக்கணும். பேரெல்லாம் சீட்டுல எழுதிக் குலுக்கி எடுக்கலாம்."

"சீட்டுங்களா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதை எங்கிட்ட உட்டுருங்க!"

விட்டேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் – பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பளபளவென்று ஒரு பித்தளைக் குடம். கழுத்தில் மஞ்சள் துணி, வயிற்றில் குங்குமம், பக்கத்தில் கற்பூரத் தட்டு. சீட்டு எடுப்பதற்கு ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று தலைக்குக் குளித்துப் பட்டுப்பாவாடையில் நிற்கிறது. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்!

இந்தப் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லையா? சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது. சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்படிப்பட்ட ஊரில், கற்பூரம் காட்டாமல் ஒரு சீட்டை எடுக்க எந்த ஹெட்மாஸ்டருக்கு மனசு வரும்?

எனக்கு ஒரே குஷி. புத்தகத்தில் ரேண்டம் சாம்பிள் என்று வறட்டு வறட்டென்று படித்ததெல்லாம் இங்கே சாம்பிராணி வாசனையோடு நடக்கிறதே! குழந்தை எடுத்தது, ஹெட்மாஸ்டர் படித்தார், கூட்டம் கை தட்டியது. பாதிப் பேர் வந்ததும் நிறுத்திக்கொண்டோம்.

மறுநாள் வகுப்பில் மரகதத்தைக் காணோம்.

கணக்கில் அந்த வகுப்புக்கே அவள்தான் முதல். அவள் சீட்டு வரவில்லை. ஆகவே பழைய முறை வகுப்பில் இருக்க வேண்டியவள். விசாரித்தால், பக்கத்து பெஞ்சுப் பெண் சொல்கிறாள்: "அவ இனி வர மாட்டாளுங்க டீச்சர். அவளுக்கு உத்தரவு வல்லீங்களாமா. அவுங்க பெரியப்பா கம்பெனிக்குப் போறாளுங்க."

நான் குலுக்கிய சீட்டு ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவதா?

ஹெட்மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். மரகதத்தின் பெரியப்பா நாலைந்து தையல் மெஷின் போட்டுச் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துகிறார். அவளுடைய அப்பா சின்னச்சாமி அங்கேயே ஓவர்லாக் மெஷினில் தைக்கிறார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அறியாத தம்பி. மரகதம் ஒரு மூலையில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாங்க டீச்சருங்க, வாங்க! உக்காருங்க. சோடா ஒடைக்கச் சொல்லட்டுங்களா?" என்றார் பெரியப்பா. கொங்கு நாட்டில் ஒரு 'முடியாது' வாங்குவதற்கு முன்னால் ஒரு சோடாவாவது குடித்தாக வேண்டும். குடித்தேன்.

"எங்க புள்ளைங்க. படிக்க வெக்கறதுக்கு எனக்கு என்னங்க வருத்தம்? படிக்கட்டுமா, கம்பெனிக்கு வரட்டுமான்னு ரோசிச்சுட்டேதான் இருந்தமுங்க. ஆனா சாமியே வேண்டாம்னு சொல்லிப்போட்டுதுங்களே."

"சாமி சொல்லலைங்க. அது வெறும் சீட்டு. மரகதம் பேர் வந்திருந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். வராத பிள்ளைகள் இருந்தாத்தான் வந்த பிள்ளைகளோட ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ரெண்டு பாதியும் எனக்குச் சமம்."

"உங்குளுக்குச் சமமுங்க. சாமிக்கு?"

ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிக் காட்டினேன். தலையா பூவா – பாதிக்குப் பாதி, இதில் சாமி எங்கே வருகிறார் என்று கேட்டேன்.

"சுண்டறது நீங்க. விழுக வெக்கறது ஆருங்க?" என்றார் சிரித்துக்கொண்டே.

என் எம்.எட். பட்டம் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. கடைசியாக, வேறு வழி தோன்றாமல் கேட்டேன்: "பூ கேக்கறப்ப முதல்ல என்ன செய்வீங்க?"

"கேள்வியச் சாமிகிட்டச் சத்தமாச் சொல்லோணுங்க. கேக்காத கேள்விக்கு சாமி எப்படிங்க பதில் சொல்லும்?"

பிடித்துக்கொண்டேன்! "அன்னிக்கு நாங்க என்ன கேள்வி கேட்டோம்? 'புதுக் கணக்குப் பாடம் யாருக்கு?' அவ்வளவுதானே? 'மரகதம் படிக்கலாமா, கூடாதா?'ன்னு யாராவது கேட்டமா?"

இதைத்தான் வருஷா வருஷம் என் மாணவர்களிடம் தொண்டை வறளக் கத்துகிறேன். எந்தக் கேள்விக்காகத் தகவல் சேகரித்தீர்களோ, அந்தக் கேள்விக்கு மட்டும் முடிவு சொல்லுங்கள்! ஒருவராவது கேட்டதுண்டா? பெரியப்பா கேட்டார்.

"நாயமுங்க. கேக்கலீங்க."

அப்போதுதான் ஓவர்லாக் மெஷின் நின்றது. சின்னச்சாமி முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அப்ப... மொறையா ஒருக்காக் கேட்டுப்போடலாங்களாண்ணா? வர்ற வெள்ளிக்கெழமெ. பூவெல்லாம் நானே கட்டிட்டு வந்தர்றனுங்க."

"அதும் செரிதான்" என்றார் அண்ணன்.

ஜெயித்தோம் என்று நினைத்தால், மறுபடியும் பாதிக்குப் பாதியா? அதுவும் ஒரே ஒரு தடவை! ஒற்றைச் சோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று நானே கரும்பலகையில் கோடு போட்டு எழுதுகிறவள். "மூணு தடவை எடுக்கலாமே" என்று கெஞ்சிப் பார்த்தேன். "சாமியச் சந்தேகப்படப்படாதுங்க" என்று அன்பாக மறுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படித்தான் அந்தக் கோயில் வாசலில் நின்று முணுமுணுத்தேன்.

கேள்வியை அண்ணனே கணீரென்று சொன்னார்: "எங்க மரகதம் மேக்கொண்டு படிக்கோணும்னா வெள்ளை குடு தாயே!" கோயிலுக்கு வந்திருந்த ஒரு குழந்தை கையை நீட்டியது. பொட்டலம் பிரிந்தது.

வெள்ளை அரளி!

நான் சத்தம் போட்டே கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஹெட்மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரகதம் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். யாரைவிடவும் அதிகமாகச் சந்தோஷப்பட்டது அந்தப் பெரியப்பாதான். "உத்தரவு ஆயிப்போச்சு கண்ணு! இனி எவன் தடுக்கறான்னு பாக்கறேன். காலேஜ் வரைக்கும் படி, நா இருக்கறேன்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எல்லோரும் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

நான் மட்டும் உட்காரவில்லை. எடுக்காமல் விட்ட இன்னொரு பொட்டலம் அங்கேயே கிடந்தது. ஆராய்ச்சி புத்தி சும்மா இருக்குமா? மெள்ளப் பிரித்தேன்.

உள்ளே அதுவும் வெள்ளை.

நிமிர்ந்தால் எதிரே சின்னச்சாமி. முகம் வெளுத்துப்போய் நிற்கிறார்.

"செவ்வரளி... எங்கீமே கெடைக்கலீங்க டீச்சர்" என்றார் மெதுவாக.

அவர் தலைக்கு மேலேயே செவ்வரளி மரம் கொத்துக் கொத்தாகப் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனிடம் 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாத மனுஷன், மகளுக்காக அம்மனையே கூட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். என் மாணவன் யாராவது இப்படிச் செய்திருந்தால் ஆய்வேட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். அன்றைக்கு என்னவோ, அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. பொட்டலத்தைப் பழையபடி மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஆமாங்க, இந்த சீசன்ல கிடைக்காது" என்றேன்.

அது சரி, முடிவை மனசில் எழுதி வைத்துக்கொண்டுதானே நாமெல்லோரும் பூ கேட்கப் போகிறோம்? ரிசர்ச் செய்கிறவர்களில் எத்தனை பேர் சிவப்பையும் சேர்த்துக் கட்டுகிறார்கள், சொல்லுங்கள்!

பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். ஆனாலும் மரகதத்தின் பெரியப்பா இந்தப் பத்திரிகை படிப்பாரோ என்று ஒரு பயம். "அவரு பேப்பரே தொட மாட்டாருங்க" என்று ஹெட்மாஸ்டர் அடித்துச் சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

விசாரித்தது அவர் ஒருவரிடம் மட்டும்தான்... சாம்பிள் கொஞ்சம் சின்னதோ?