மூன்று தடவை நனைந்த கடை

நனைந்து, சரியாகக் காயாமல் மடிக்கப்பட்ட துணியின் வாடை. எங்காவது அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. துணியின் மேல் அல்ல, ஓர் அழகான கையெழுத்தின் மேல்.

கண்டியில், வாவியைப் பார்த்த ஒரு மாடி அறையில், சனிக்கிழமைகளில் கணக்காளர்களுக்கு வகுப்பெடுத்தேன். நடந்ததை மட்டும் எழுதாதீர்கள், வரப்போவதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள் என்பதுதான் பாடம். இரண்டு வருடம் திரையில் அம்புக்குறிகள் காட்டினேன். இரண்டு வருடம் தலையாட்டினார்கள். ஒருநாள் சலித்துப்போய், ஆளுக்கொரு பைலைக் கொண்டுவரச் சொன்னேன்.

வத்தேகமயிலிருந்து வருபவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்குறணையில் ஒரு புடவைக்கடையின் பைலைத் திறந்தார். அப்போதுதான் அந்த வாடை எழுந்தது. தாள்களின் ஓரம் பழுப்பாக ஊறிக் கிடந்தது; நடுவில் முத்து முத்தாக அவருடைய கையெழுத்து.

“மூணு தடவ பின்னால ஓடுற ஓயா பெருகி கடைக்குள்ள தண்ணி வந்திருக்கு சேர். மூணு தடவயும் நட்டத்த ஒரு எழுத்து பிசகாம எழுதியிருக்கேன். வரிக்காரங்க ஒரு கேள்வி கேக்கல.”

“நாலாவது தடவ வந்தா?”

“அதையும் எழுதுவோம்.”

“அண்ணனுக்கு மழ பேஞ்சாத்தான் தொழிலே!” என்றார் பின்வரிசையில் ஒருவர். அறை சிரித்தது. அவரும் சிரித்தார்.

“சரக்க மாடிக்கு ஏத்துங்கன்னு ஒரு தடவயாவது சொன்னீங்களா?”

“அது நம்ம வேல இல்லியே சேர். மார்ச் முடிஞ்சா போவேன், பில்லுப் பெட்டிய வாங்குவேன், வந்துருவேன். கடைக்குள்ள நின்னு வெள்ளம், நட்டம்னு வாயத் தெறந்தா கடைக்கார ஹாஜியாருக்குப் புடிக்குமா?”

வருடத்துக்கு ஒருமுறை போய், வாய் திறக்காமல் திரும்புவது அவர்களிடம் மரியாதை. அந்த மரியாதையைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. பைலின் கடைசித் தாளைப் புரட்டினேன். பெருநாள் சரக்கை வைக்க, கடைக்குப் பின்னால், ஓயாவை ஒட்டிய பள்ளத்தில், ஒரு ஸ்டோரைக் குத்தகைக்கு எடுக்கும் பத்திரம். அன்று பின்னேரம் கையொப்பம்.

“ஹாஜியார் பொஞ்சாதி நகைய அடகு வெச்சு எடுத்த சரக்கு சேர்,” என்றார், வானிலை சொல்வது போல. “இதுவும் நனைஞ்சா கடைய மூட வேண்டியதுதான்.”

“எழும்புங்க,” என்றேன்.

அக்குறணைக்கு ஏறிய பஸ் கட்டுகஸ்தோட்டையில் நகர மறுத்தது. மாத்தளைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு அவசரம் இருந்தது. எனக்கும் இருந்தது. என் பக்கத்தில் பைலை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை கொண்டவருக்கு இல்லை.

“வாங்க வாங்க சேர்! மார்ச் இன்னம் வரல்லயே!” கடைக்காரர் கதிரைகளை இழுத்துப் போட்டார். பிளேன்டீ வந்தது. சுவருக்குப் புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள். பூச்சுக்கு அடியில், என் இடுப்பளவில், ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. மூன்று வருடம் அந்தக் கோட்டை ஒட்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்த மனிதர், இப்போதும் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“ஹாஜியார்... அந்த ஸ்டோர் வேணாம். அது கடைய விடப் பள்ளம். தண்ணி மொதல்ல அங்கதான் ஏறும். சரக்க மாடிக்குக் கொண்டு போங்க.”

கடைக்காரர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

“இது எப்ப இருந்து தெரியும் ஒங்களுக்கு?”

“மொத தடவயிலருந்து.”

“மூணு தடவயும் எழுதினீங்க. எனக்கு ஒரு வார்த்த செல்ல ஏலாமப் போச்சா?”

“நீங்க கேக்கலியே, ஹாஜியார்.”

“நான் புடவ விக்கிறவன். கேக்கத் தெரிஞ்சா ஒங்கள எதுக்கு வெச்சீக்கிறேன்?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க ஆரு?”

“இவங்களுக்குப் படிச்சுக் குடுக்கிற ஆள்.”

“எவ்ளோ காலமா?”

“ரெண்டு வருஷமா.”

அவர் சுவரைப் பார்த்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். நான் அத்தனை நேரமும் தூக்கிக்கொண்டு வந்த கோபம் அப்படியே திரும்பி என் மேல் ஏறி உட்கார்ந்தது. மாடி அறையில் நின்று அம்புக்குறி காட்டினேனே ஒழிய, இவர்களில் ஒருவரையாவது ஒரு கடைவாசல் வரை அனுப்பினேனா?

கடைக்காரர் பைலிலிருந்த பத்திரத்தை எடுத்து, நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் எறிந்தார். மாடிப்படியில் நின்று வீட்டாருக்குக் கத்தினார்: “முன்னறையக் காலி பண்ணுங்க! பெருநாள் வரைக்கும் எல்லாரும் குசினியில படுக்கலாம்!”

பஸ் தரிப்பில் முதல் துளிகள் விழுந்தன. கண்டி பஸ் வந்து நின்றது. நான் ஏறினேன். என்னோடு வந்தவர் கம்பியைப் பிடித்தார், பிறகு கையை எடுத்துவிட்டார்.

“ஏறுங்க, மழ வருது.”

“நீங்க போங்க சேர். இதே தெருவுல நான் கணக்கெழுதுற கட இன்னும் நாலு இருக்கு.”