திரும்பிப் பார்க்காத பிள்ளை

"எதுவரை படித்திருக்கிறீர்கள்?" என்று கணினித் திரை ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. நான் தமிழில் சொன்னதும் அண்ணி சற்றுத் தயங்கினார். "ஓ.எல். ஃபெயில்னு போடுங்க தம்பி. உள்ள விடுறாங்களான்னு பாப்பம்." பதினோராம் வகுப்புப் பரீட்சையில் தேறாதவர் என்றே போட்டேன். விட்டுவிட்டார்கள். மேற்கொண்டு யாரும் ஒரு கேள்வியும் கேட்காததை நம்ப முடியாமல் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒன்று அது. நான் இலங்கை மலையகத்துப் பண்டாரவளையில், தொலைபேசியும் இணையமும் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். அண்ணி பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உதவியாளர். குழந்தை வளர்ச்சி பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்துகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதன்பின் ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் வந்து, கடை திறக்கும்வரை வாசலில் நிற்பார்.

பாடம் முழுவதும் ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு நான் தட்டுத்தடுமாறி விளக்குவேன். ஒரு படம் திரையில் இறங்குவதற்குள் தேநீர் குடித்து முடித்துவிடலாம். நடுவில் தொடர்பு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும் என்று வாசித்தபோது அண்ணி சிரித்துவிட்டார். "எங்க காம்பராவுல ரெண்டு பேருக்கு முப்பது புள்ளைங்க. இத எழுதினவங்க ஒருநா வந்து பாக்கணும்."

ஒரு பாடம் காது கேட்பதைப் பற்றியது. பின்னாலிருந்து ஓசை எழுப்பி, குழந்தை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாளே அண்ணி தகர டப்பாவில் கற்களைப் போட்டு ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஆட்டியிருக்கிறார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் திரும்பவில்லை. மூன்று நாள் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தாயிடம் சொன்னார். அவள் சண்டைக்கு வந்தாள்.

"எம்புள்ள செவிடா? அவ கொஞ்சம் பிடிவாதக்காரி, அவ்வளவுதான். கம்ப்யூட்டரப் பாத்துட்டு வந்து எம்புள்ளையக் கொறை சொல்றீங்களா?"

அண்ணி வாதாடவில்லை. டப்பாவை அவள் கையிலேயே கொடுத்து, "நீங்களே ஆட்டிப் பாருங்க" என்றார். தாய் ஆட்டினாள். வேகமாக ஆட்டினாள். குழந்தை தன் விரல்களோடு விளையாடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே இருவரும் குழந்தையைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சில மாதங்கள் அலைந்த பிறகு காதுக் கருவி கிடைத்தது. அதைப் பொருத்திய முதல் நாள், தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்துக்குப் பயந்து குழந்தை வீறிட்டு அழுததாம். தாயும் கூடவே அழுதாளாம்.

படிப்பை முடித்ததற்கு அண்ணிக்கு இணையத்திலேயே ஒரு சான்றிதழ் வந்தது. காம்பராவின் பொறுப்பாளர் வேலை காலியானபோது, நான் அச்செடுத்துக் கொடுத்த அந்தத் தாளையும் சேர்த்து விண்ணப்பித்தார். நேர்முகத்தில் இருந்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு முத்திரைகூட இல்லியே" என்று திருப்பி நீட்டிவிட்டார். வேலை வேறொருவருக்குப் போனது. அண்ணியை நானே ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது எனக்கு.

இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே எத்தனையோ இலவசப் பாடங்கள். நான் ஆறு பாடங்களில் சேர்ந்து ஒன்றையும் முடிக்கவில்லை. அந்த நத்தை வேக இணையத்தில், பாதி புரியாத ஆங்கிலத்தில், உங்களால் எப்படி முடிந்தது என்று அண்மையில் அண்ணியிடம் கேட்டேன். இதிலென்ன சந்தேகம் என்பதுபோலப் பார்த்தார்.

"திங்கக்கெழம காலையில புள்ளைங்க வந்துருவாங்களே தம்பி."