ஒரு கடைவாய்ப் பல்லின் ஆழம்

ஒரு பல் இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் சோளமுத்து அளவுதான். மேல்வரிசையில் இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. வலி எழும்பிவிட்டால் அது வீடு மாதிரி ஆகிவிடும், நான் அதற்குள் குடியிருக்கிறவள் மாதிரி ஆகிவிடுவேன். காதும் கழுத்தும் நெற்றியும் அந்தப் பல்லின் சொல்லைத்தான் கேட்டன.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வாயால் சொல்லக் கூச்சம் என்பதால் எழுதுகிறேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். சாப்பிடும்போது சுவர் பக்கம் திரும்பி உட்காருவேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்க்குள்ளேயே நோய் வந்தது.

தேயிலைத் தோட்டத்தில், வயதாகிவிட்டது என்று என் பெயரை வெட்டி வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் கொழுந்து அதிகமாக இருக்கும் நாட்களில் கூப்பிடுவார்கள், போவேன். கொழுந்துச் சாக்கின் கயிறு தலையில் இழுக்க இழுக்க, பல்லுக்குள் யாரோ ஆணி அடிப்பது போல் இருக்கும். கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு என் தேயிலை நிரையை முடிப்பேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கொய்யா இலையை மென்றேன். புகையிலையை அந்தப் பக்கம் அடக்கிவைத்தேன். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் வலியைத் தூங்கவைத்தது. மறுபடி எழும்போது வலி முன்னைவிடப் பெரியதாக எழுந்தது.

என் மகன் கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிறான். வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் ஹட்டன் டவுனில் உள்ள தனியார் பல் வைத்தியரிடம் போனில் விசாரித்தாள். பிறகு போனை வைத்தாள்.

"எவ்வளவாம்?" என்று கேட்டேன்.

"கேக்காதீங்க மாமி. கேட்டா வலி கூடிரும்."

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவள் என்னைவிட இரண்டொரு வயது இளையவள். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். அவள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு மதினிக்குப் புதுசா ஒரு வாயே வாங்கிரலாம்" என்றாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் விடியற்காலை முதல் பஸ்ஸில் போனால்தான் நம்பர் கிடைக்கும். நான் தனியாகப் போகமாட்டேன், மருமகளும் வரவேண்டும். இரண்டு பேரின் நாள் சம்பளம் போய்விடும். அந்த மாதம் அது முடியாது. இன்னொருவர் முன்னால் வாயைத் திறக்கவேண்டுமே என்ற பயமும் எனக்கு இருந்தது.

அப்போதுதான் பக்கத்துக் காம்பராக்காரி ஒத்தடத்தைச் சொன்னாள். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூளை இரும்புச் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து, சூட்டோடு கன்னத்தில் வைக்க வேண்டும். கால் சுளுக்குக்கும் முதுகு வலிக்கும் லயத்தில் எல்லாரும் அதைத்தான் செய்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். வறுத்த தூளின் மணம் காம்பரா முழுக்க நின்றது. சூடு பட்டதும் வலி நாய்க்குட்டி மாதிரிச் சுருண்டு படுத்துக்கொண்டது. எனக்கு அழுகையே வந்தது. கையெடுக்க மனமில்லாமல் முடிச்சைக் கன்னத்தில் வைத்து, வெள்ளைத் துணியால் தாடையோடு சேர்த்து உச்சியில் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

பக்கத்துக் காம்பராக்காரி தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"அவுருங்க மதினி. உசுரோட இருக்கவங்க இப்படிக் கட்டக் கூடாது."

"சூட்டுக்கு வலி கேக்குதே."

"கேக்கட்டும். பாக்குற எங்களுக்குத்தான் நெஞ்சு அடைக்குது. இன்னும் பொட்டிக்கு வேற சொல்லி அனுப்பல."

நான் துணியை அவிழ்த்துவிட்டு முடிச்சைக் கையால் பிடித்துக்கொண்டேன். ஆறினால் மறுபடி சூடாக்கினேன். பொழுது சாயும் வரை அப்படியே.

மறுநாள் காலையில் இடது கண் திறக்கவில்லை. கன்னம் இறுகி, மினுமினுவென்று இருந்தது. வாய்க்குள் ஒரு விரல்தான் போனது. பக்கத்துக் காம்பராக்காரி வந்து பார்த்தாள். ஒன்றும் வேடிக்கை பேசவில்லை. கீழ் லயத்தில் ஒருவருக்கு இதே மாதிரி வீங்கித் தொண்டை அடைத்துக்கொண்டது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அவர் சவப்பெட்டியில்தான் திரும்பி வந்தார்.

"ஒத்தடத்த நான்தானே சொன்னேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். பிறகு மருமகளிடம், "நீ சேலையக் கட்டு. நிக்காத" என்றாள்.

ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்து நம்பர் இல்லாமலே உள்ளே விட்டார்கள். பல் பார்க்கும் டொக்டர் ஒரு சிங்களப் பெண். எனக்குப் பேத்தி ஆகிற வயதுதான் இருக்கும். "கட்ட அறின்ன" என்றார். வாயைத் திற என்று அர்த்தம். பழக்கத்தில் என் கை வாயை மூடிக்கொண்டது. அவர் திட்டவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்து, அதன்மேல் தன் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விளக்கை இழுத்து, திறந்த அளவு வாய்க்குள் பார்த்தார். என் வாழ்க்கையில் அந்த இடத்தை யாருமே பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அவர் முகத்தைச் சுளிக்காமல், ஏதோ முக்கியமானதைப் படிப்பது மாதிரிப் பார்த்தார்.

"சூடு வெச்சதா, அம்மே?"

தலையாட்டினேன்.

"சூடு எப்பா. எப்பா" என்றார். வேண்டவே வேண்டாம் என்பதை அவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது.

மீதியை மருமகளிடம் சிங்களத்தில் சொன்னார். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, சூடு அதைக் கிளப்பிவிட்டது. இப்போது ஊசி போட்டாலும் மரக்காது. மாத்திரையில் வீக்கம் வடிந்த பிறகுதான் பல்லை எடுக்கலாம். மூச்சு முட்டினாலோ, விழுங்க முடியாவிட்டாலோ எந்த நேரமானாலும் வரவேண்டும். ஒரு மாத்திரை அங்கே இல்லை, வெளியில் வாங்கச் சொன்னார்கள். காஸ் சிலிண்டருக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. அந்த மாதம் விறகில் சமைத்தோம்.

அந்த நாட்களில் நான் என் முகத்தை மலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் காலையில் மூடுபனி விலகும்போது முதலில் ஒரு மரம் தெரியும், பிறகு பாதை தெரியும். அப்படித்தான் முதலில் இமை தெரிந்தது, பிறகு கண், பிறகு கன்னத்து எலும்பு. மாத்திரை எவ்வளவு சிறியது. வயிற்றுக்குள் போனது, பல் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தது? மருமகளிடம் கேட்டேன்.

"அதுக்கெல்லாம் வழி தெரியும் மாமி. நீங்க தண்ணியக் குடிங்க" என்றாள்.

ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் நான் விழுங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

வீக்கம் வடிந்ததும் மறுபடி போனோம். ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் கன்னம் எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுவது மாதிரி இருந்தது. டொக்டர் பல்லைப் பிடுங்குவார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பிடுங்கவில்லை. கிழட்டுத் தேயிலைச் செடியைப் பெயர்த்தெடுக்கும் வேலைக்கு முன்பு போயிருக்கிறேன். யாரும் நேராக இழுக்கமாட்டார்கள், இழுத்தால் வேர் அறுந்து மண்ணுக்குள் நின்றுவிடும். இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, மண் தானாக விடும்வரை பொறுப்பார்கள். அவரும் அப்படித்தான் பொறுத்தார். மெலிந்த கை, நெற்றியில் வேர்வை. என் மண்டைக்குள் கருக்கருக்கென்று சத்தம் கேட்டது. வலி இல்லை, சத்தம் மட்டும். என் உடம்பு பேசுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல் இருந்தது.

"பய வென்ன எப்பா" என்றார். பயப்படாதே என்று. எனக்குப் பயமே இல்லை. அதுவும் எனக்கு ஆச்சரியம்தான்.

பல் வந்துவிட்டது. அதைத் தட்டில் போடப் போனார். நான் யாரிடமும் எதையும் கேட்காதவள். பஞ்சைக் கடித்துக்கொண்டே தட்டைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. துணியில் வைத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

மூன்று வேர். கோழிக்கால் மாதிரி விரிந்து, நுனியில் வளைந்து நின்றன. நான் இத்தனை காலம் துலக்கியதும் மென்றதும் மேலே இருந்த மூடியைத்தான். மூடியைவிட வேர் நீளம். ஒருநாளும் வெயில் படாமல், யாருக்கும் தெரியாமல், எலும்பைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஹரி ஹய்யி" என்றார் டொக்டர். சரியான பலம் என்றார். அவரும் கையை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வாங்குப் பலகையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்குள்ளும் இப்படி வேர் விட்டு ஒரு தோப்பே இறங்கி நிற்கிறது என்று நினைத்தபோது, அவர்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மருமகள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்துக் காம்பராக்காரி ஆறின கஞ்சியோடு வந்தாள்.

"பல்லு எங்க மதினி?"

"அங்கயே விட்டுட்டேன்."

"கொண்டாந்திருக்கலாம்ல. கூரையில வீசினா இன்னொன்னு மொளைச்சிருக்கும்."

"இந்த வயசுலயா?"

"மொளைக்கிறது மொளைக்கட்டுமே, நமக்கென்ன."

கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். பேச்சு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது, ஆனால் அவள் கண் என் தொண்டையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு வாயாக இறங்கியது. கிண்ணம் காலியான பிறகுதான் அவள் எழுந்து தன் காம்பராவுக்குப் போனாள்.