படிக்குக் கீழே பாடியவர்

நாங்கள் குடியிருந்த ரப்பர்த் தோட்டம் விற்றுப்போன பிறகு எங்கள் காவடிச் சிந்துக் குழு ஜெலாப்பாங் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் பாடிப் பழகியது. எங்களுக்குப் பின்பாட்டுப் பாடியவருக்கு இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப் போயிருந்தன. சிலிப்பரைக் கைகளில் மாட்டி, தரையில் ஊன்றி நகர்வார். பாடும் முன் அவற்றைக் கழற்றி ஓரமாக வைப்பார். தோட்டத்துக் கோயிலில் எங்களுக்கு நடுவில்தான் உட்காருவார்.

இங்கே மாடிப்படி செங்குத்து. அவர் கீழேயே, நாங்கள் கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மேலிருந்து வரும் பாட்டின் அடியை வாங்கிப் பாடினார்.

ஒருநாள் நான் இறங்கிப் போய், “தூக்கிட்டுப் போலாம்லா, அண்ணே,” என்றேன்.

“சாமியத் தூக்குங்க. நான் பாட வந்தவன். நீங்க கீழ வந்து பாடுனா என்னா?”

கூட்டத்தில் எப்போதும் வாய் திறக்காத நான் அன்று மேலே போய் அதைக் குழுத் தலைவரிடம் சொன்னேன்.

“கடை வாசல்ல உக்காந்து பாடுனா பிச்சைக்காரக் கூட்டம்னு நெனப்பான்லா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சன்னல் திறந்தே இருந்தது. கீழே இருந்தவருக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் அடி முடிந்ததும் கீழேயிருந்து குரல் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்தோம். பிறகு தலைவரே பின்பாட்டையும் பாடினார். பாட்டு நிற்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.