ருக்மணியின் முறை

ஞாயிறு காலை 4.40-க்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். மதுரை வரை நூறு கிலோமீட்டர், டிக்கெட் தொண்ணூற்றைந்து ரூபாய். மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஆரப்பாளையம் போய், ஏழரை மணி திருப்பூர் வண்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன். நூற்றெழுபது ரூபாய். ஒரு சினிமாவுக்கு இவ்வளவு தூரமா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ருக்மணியை நான் பத்தொன்பது வருடங்களுக்கு முன்பே கூட்டிப் போயிருக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். மூலனூர் முருங்கைக்காய் வியாபாரியாம்.

"திருப்பூர்ல கம்பெனி வேலைங்களா?"

"முன்னாடி பார்த்தேன் அண்ணாச்சி. இப்போ படம் பார்க்கப் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாராபுரத்தில் இறங்கும் வரை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

குண்டடம், கொடுவாய் என்று பலகைகள் வரவர எனக்குப் பழசெல்லாம் கிளம்பிவிட்டது. நானும் ருக்மணியும் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் எதிரெதிரே நின்றவர்கள். நான் தெற்கத்திக்காரி. அவள் உள்ளூர், முருகனுக்குக் காவடி எடுக்கும் நெசவுக் குடும்பம். எனக்குச் சண்டைப் படம் உயிர். அவளுக்கு அழுகைப் படம். ஒரு ஞாயிறு என் முறை, மறு ஞாயிறு அவள் முறை. எந்தப் படமானாலும் கட்டிங்கில் விழுந்த துணித் துண்டுகள் ஒரு கவர் நிறைய எங்களோடு வரும். எங்கள் ஊரில் ஹீரோ வந்தால் காகிதம் கிழித்து வீசுவார்கள். திருப்பூரில் பனியன் துணி பறக்கும். அழுகைப் படமென்றால் அதே துணியில் கண்ணைத் துடைப்போம். அந்த வாரம் கம்பெனியில் பச்சை ஆர்டர் என்றால் வரிசை முழுக்கப் பச்சைத் துணியில் மூக்கைச் சிந்தும். என்ன சந்தோஷமான நாட்கள்!

கடைசி ஞாயிறு அவள் முறை. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். புகுந்த வீட்டில் சினிமா ஆகாது. "இந்த ஒரு படத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போ புள்ள" என்று கெஞ்சினாள். என் ஹீரோவின் படமும் அந்த வாரம்தான் வந்திருந்தது. நான் அடம்பிடித்து அதற்கே இழுத்துப் போனேன். நான் விசிலடித்தேன், அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் தியேட்டர் படியே ஏறவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

பகல் 12.40-க்குத் திருப்பூர். டீக்கடையில் பாதிப் பேச்சு இந்தி. பொங்கலூரில் இருந்து ருக்மணி இரண்டு மணிக்குத் தியேட்டருக்கு வந்து சேர்ந்தாள். தலையில் கொஞ்சம் நரை, கையில் ஒரு துணிக் கவர். இப்போது அவள் செக்கிங் சூப்பர்வைசர்.

"வீட்ல என்னட்டி சொன்னே?"

"படத்துக்குப் போறேன்னுதான் சொன்னேன். மாமியார்கிட்ட அதைக் கேக்கறதுக்கு ஒரு வாரம் ஆச்சு புள்ள."

நான்கு திரைகள் உள்ள தியேட்டர். மூன்றில் ஒரே சண்டைப் படம், ஹவுஸ்ஃபுல். நான்காவதில் ஓர் அம்மாவின் கதை. ஆளுக்கு நூற்றிருபது ரூபாயை நீட்டினேன். கவுண்டர் தம்பி வாங்கவில்லை.

"எட்டுப் பேராச்சும் இருந்தாத்தானுங்க்கா ஷோ. நீங்க ரெண்டு பேருதானுங்க."

ருக்மணியின் முகம் சுருங்கியது. "இன்னொருக்கா ஊட்டுல கேக்கற தெம்பு எனக்கில்ல புள்ள" என்றாள், மெதுவாக.

உடனே வெளியே ஓடினேன். சண்டைப் படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல், பனியன் வேலைக்கு வந்த ஆறு ஒடிசாப் பெண்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இந்தி சுத்தமாக வராது. கைகளை ஆட்டி ஏதேதோ சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள். பின்னாலேயே வந்த ருக்மணி, கம்பெனியில் கற்ற இந்தியை எடுத்துவிட்டாள்.

"ரோனேவாலா பிக்சர். பஹுத் அச்சா!"

அழவைக்கும் படம், ரொம்ப நல்லது என்கிறாள். இப்படி அழைத்தால் யார் வருவார்கள் என்று நான் தலையில் கை வைத்தேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்கள். எட்டாயிற்று.

2.45-க்குப் படம் ஆரம்பித்தது. ருக்மணி கவரைப் பிரித்து எல்லோருக்கும் துணி கொடுத்தாள். இந்த வாரம் நீலம். இடைவேளைக்குள் மொழி தெரியாத ஆறு பேரும் விசும்பினார்கள். சண்டைப் படக்காரி நானும் அழுதேன். ருக்மணி மட்டும் கண் கலங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், முப்பது வருடம் வாயே திறக்காத அந்த அம்மா, எல்லோர் முன்னாலும் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடக்கிறாள். ருக்மணி எழுந்து நின்றாள். கவரில் மிச்சமிருந்த அத்தனை துணியையும் அள்ளி மேலே வீசினாள். ஒடிசாப் பெண்களில் ஒருத்தி விசிலடித்தாள். அழுகைப் படத்தில் துணி பறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆறு மணி. மதுரை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கோவில்பட்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முறை வைத்துப் படம் பார்க்க அங்கே ஒருத்தியும் இல்லை. அதை அவளிடம் சொன்னேன். ருக்மணி என் தலையில் ஒட்டியிருந்த நீலத் துண்டை எடுத்துப் போட்டாள்.

"அடுத்தது உன்ற முறை. நல்ல சண்டைப் படமா வந்தா போன் பண்ணு."

"மறுபடியும் வீட்ல கேக்கணுமேட்டி?"

"கேக்கறதெல்லாம் இல்ல புள்ள. சொல்லிப்போட்டு வந்தர்றேன்."