பெரியம்மாவின் மடியில் செருப்பு

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பி ஹோலில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் பிளாட். கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் அம்மா தம்பியின் முகத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, சேர்ட்டை மாற்றி, தலை வாரிவிடுவார். தம்பிக்கு முப்பது வயது நெருங்குகிறது, அம்மாவை விட நல்ல உயரம். குனிந்து தலையைக் கொடுப்பான். பிறகு அவனை வந்தவர்களுக்கு எதிரே ஒரு கதிரையில் இருத்திவைப்பார்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது அயலில் ஒரு வீட்டில் இப்படி ஒரு பெண்பிள்ளை இருந்ததாம். ஆட்கள் வந்தால் அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவார்களாம். அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்பதே பலருக்கு அவளுடைய செத்தவீட்டில்தான் தெரியவந்தது. தம்பிக்கு ஓட்டிசம் என்று டொக்டர் சொன்ன அன்றே அம்மா முடிவெடுத்துவிட்டார். "நான் என்ர பிள்ளையை ஒருத்தருக்கும் ஒளிக்கேல்ல" என்று சொல்லும்போது அவருடைய கழுத்து நிமிரும். அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தம்பிக்குத்தான் அந்தக் கதிரை பிடிக்கவில்லை. அவனுக்குப் பேச்சு வராது. நாங்கள் சொல்வது பெரும்பாலும் விளங்கும். எங்கள் சொந்தக்காரர்களோ ஒரே நேரத்தில் நாலு பேர் கதைத்தால்தான் கதை என்று நினைப்பவர்கள். "சரி, வெளிக்கிடுவம்" என்று எழும்பினால் கதவடியில் நின்று இன்னும் அரை மணித்தியாலம் கதைப்பார்கள். பின்னால் கடற்கரையோரம் ரயில் வீடே அதிரப் போகும், தம்பி அதைக் கணக்கெடுப்பதில்லை. ரயில் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போய்விடும். எங்கள் ஆட்களிடம் அந்த நல்ல பழக்கம் இல்லை.

முதலில் முன்னும் பின்னும் ஆடுவான். பிறகு தொடையில் அடிப்பான். அதன் பிறகு மணிக்கட்டைக் கடிப்பான். கடித்த இடம் தழும்பேறிக் கறுத்துப்போயிருந்தது. அம்மா அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி இருப்பார்.

ஒருநாள் பெரியம்மா குடும்பத்தோடு கல்யாணம் சொல்ல வந்திருந்தார். எல்லோர் கையிலும் தேத்தண்ணீர். தம்பி எழும்பிக் கதவடிக்குப் போனான், ஒரு செருப்பை எடுத்து வந்தான், பெரியம்மாவின் மடியில் வைத்தான். புதுச் சேலை, அதன் மேல் செருப்பு. எங்களுக்குள் செருப்பைக் காட்டுகிறேன் என்று வாயால் சொன்னாலே பரம்பரைப் பகை. பெரியம்மா பாதித் தேத்தண்ணீரோடு எழும்பினார். கதவடியில் ஒருவரும் நின்று கதைக்கவில்லை.

அதன் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் செருப்புத்தான். எழும்பாதவர்களுக்கு எறி விழுந்தது. பக்கத்து பிளாட் அன்ட்டிக்குப் புருவத்தில் பட்டு இரத்தம் வந்தது. மறிக்கப் போன என்னைக் கடித்தான். கிளினிக்கில் மருந்துக் குளிசையைக் கூட்டினார்கள். தம்பி மத்தியானம் வரை படுத்தான். எழும்பினாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கடைவாயில் வீணீர் வடிய நடந்தான். ஒருநாள் அவன் தலையை வாரிக்கொண்டிருந்த அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

கனடாவிலிருந்து பெரிய மாமா போன் எடுத்தார். கொழும்புக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் தம்பிக்கு இடம் கதைத்து வைத்திருப்பதாகவும், தான் வரும்போது பார்த்து முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். "உனக்கும் வயசு போகுது, தங்கச்சி." மாமா கெட்டவர் இல்லை. அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமாவுக்கு முன்னால் ஒரு செருப்புப் பறந்தால் அம்மா ஓம் சொல்ல வேண்டிவரும் என்று எனக்குத் தெரிந்தது. தம்பி இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் கிளினிக்கில் ஒரு மிஸ்ஸைப் பார்க்கச் சொன்னார்கள். இப்படியான பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்துப் பயிற்சி கொடுப்பது அவருடைய வேலை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். முதலில் தம்பியின் பல்லையும் காதையும் டொக்டரிடம் காட்டச் சொன்னார், நோவினால் கடிக்கிறானோ என்று பார்க்க. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரும் நேரங்களில் வந்து மூலையில் பேசாமல் இருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்து பார்க்க எங்களுக்கும் தெரியும்தானே என்று நினைத்தேன்.

கடைசியில் ஒருநாள் வாயைத் திறந்தார்.

"செருப்பைக் குடுத்தாப் பிறகு என்ன நடக்கும், அன்ட்டி?"

"என்ன நடக்கும்? எங்கட மானம் போகும்" என்றார் அம்மா.

"அது உங்களுக்கு. தம்பிக்கு என்ன நடக்கும்?"

"ஆக்கள் எழும்பிப் போயிடுவினம்" என்றேன் நான்.

"அதுதான். போறவை செருப்புப் போடுறதை அவர் பாத்திருக்கிறார். போங்கோ எண்டு கேக்கிறார், வேற ஒண்டும் இல்லை. கையைக் கடிச்சும் அதைத்தான் கேட்டவர். ஒருத்தரும் போகேல்ல."

அவர் சொன்ன வைத்தியம் இதுதான். தம்பியின் அறைக் கதவைப் படம் பிடித்து ஒரு அட்டையில் ஒட்ட வேண்டும். தாங்க முடியாமல் வரும்போது அவன் அந்த அட்டையைத் தர வேண்டும், தந்த கையோடு அவனை அறைக்குப் போக விட வேண்டும். எப்போது தந்தாலும் விட வேண்டும்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆக்கள் வர, பிள்ளை அறைக்குள்ள. இதைத்தானே அந்தக் காலத்தில செய்தவை?"

"அந்தப் பிள்ளையை வெளியால பூட்டினவை, அன்ட்டி. இவர் தானாக் கேட்டுப் போறார். கதவு திறந்துதான் இருக்கும்."

அம்மா குசினிக்குள் போய்ச் சட்டி பானையோடு கதைக்கத் தொடங்கினார்.

நானும் மிஸ்ஸும் பழக்கினோம். தம்பி நான் நினைத்ததைவிடக் கெதியாகப் பிடித்துக்கொண்டான். குளிக்கச் சொன்னால் அட்டை, பாகற்காய்க் கறியைக் கண்டால் அட்டை. எல்லாவற்றுக்கும் விட்டோம். "இப்ப இது அவருக்கு ஒரு விளையாட்டு" என்று அம்மா முணுமுணுத்தார். புருவத்தில் காயம்பட்ட அன்ட்டி, பாவம், மனம் பொறுத்து ஒருநாள் திரும்ப வந்தார். வந்து இருந்த கொஞ்ச நேரத்தில் தம்பி அட்டையை நீட்டினான். அம்மா அதை அவன் கையிலேயே திருப்பி வைத்து, "கொஞ்சம் இருங்கோ ராசா, அன்ட்டி இப்பதானே வந்தவ" என்றார். அட்டை கீழே விழுந்தது. மணிக்கட்டு வாய்க்குப் போனது, இந்த முறை தோல் கிழிந்தது.

அம்மா கை கழுவும் பேசினடியில் அந்தக் கையைக் கழுவிக் கழுவி நின்றார். நான் ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு வாய் நீளம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துவாயை எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு அம்மா ஒருநாளும் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. செருப்பு எடுப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. டொக்டரும் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஆனாலும் அதெல்லாம் அயலவர்களோடு. மாமா வேறு. அவர் கனடாவிலிருந்து கதைத்தால் போனே தேவையில்லை, அவ்வளவு சத்தம்.

மாமா வந்தார். ரோல்ஸும் தேத்தண்ணீரும் வைத்தோம். இல்லத்தைப் பற்றி வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லத் தொடங்கினார். நல்ல காற்றோட்டம், நல்ல சாப்பாடு, ஞாயிறுகளில் போய்ப் பார்க்கலாம். தம்பி ஆடத் தொடங்கினான். நான் கதவடிச் செருப்புகளைப் பார்த்தேன். அவன் எழும்பி, கதவடிக்குப் போகாமல், அம்மாவிடம் அட்டையைக் கொடுத்தான்.

"போங்கோ ராசா" என்றார் அம்மா. தம்பி அறைக்குள் போனான்.

மாமாவின் முகம் சுருங்கியது. "என்ன தங்கச்சி, நான் வர நீ பிள்ளையை ஒளிக்கிறியோ?"

யாரும் அம்மாவிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. அம்மா தம்பியைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒளிக்கேல்ல, அண்ணா" என்றார் அம்மா. "அவனுக்கு எங்கட சத்தம் நோகுது. கையைக் கடிச்சுக் கடிச்சுச் சொன்னவன். நான்தான் விளங்காமல் இவ்வளவு காலமும் பிடிச்சு இருத்தி வைச்சிருந்தனான்."

மாமா பாதி திறந்திருந்த அறைக் கதவைப் பார்த்தார். உள்ளே தம்பி கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தான், கை வாயில் இல்லை. மாமா தேத்தண்ணீர்க் கோப்பையைச் சத்தம் வராமல் மேசையில் வைத்தார். பிறகு அம்மாவின் பக்கம் குனிந்து, அவரிடம் இருக்கிறது என்று நான் அறியாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப அந்த இடம் வேண்டாமெண்டு சொல்லிவிடட்டே?"

அம்மா ஓம் என்று தலையை ஆட்டினார்.