‘சொல்ல ஏலாது’ என்பதற்குப் பிறகு

விடிந்த சிறிது நேரத்தில் ரீட்டா தொலைபேசியில் அழைத்தாள். “மிஸ், நஸீர் சேர் மௌத்தாகிட்டாராம்” என்றாள். கத்தோலிக்கப் பெண்தான், ஆனாலும் ‘இறந்துவிட்டார்’ என்னாமல், அவர் வீட்டார் சொன்ன சொல்லையே அப்படியே சொன்னாள். நான் கதிரையில் உட்கார்ந்த பிறகே மேற்கொண்டு விசாரித்தேன்.

நமது ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, குடும்பத்தோடு புத்தளம் வந்தவர். இறால் நோய்களை ஆராய்ந்தார். நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். போர் முடிந்த பின், நிலையத்தை விட்டு வந்த நம்மவர் பலர் வேலை தேடி அலைந்தபோது, சனிக்கிழமைகளில் தம் வீட்டு ஹோலில் ஒத்திகை நேர்முகத் தேர்வு நடத்தத் தொடங்கினார். என் கணவர் காலமான பின் நான் அதிகம் வெளியே போனதில்லை. என்னையும் கூப்பிட்டார்.

“நம்மட ஆக்களுக்கு உங்களைக் கண்டாத்தான் பயம், மிஸிஸ் குரூஸ். நீங்க கடுமையாக் கேளுங்க, நான் தேத்தண்ணி ஊத்துறன்.”

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வேலை கிடைத்தவர், வேறொரு சனிக்கிழமை வந்து கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் வைத்த ஒரே விதி அது.

தலவிலயைச் சேர்ந்த ரீட்டா, பிள்ளைகளுக்காக நிலைய வேலையை விட்டுப் பல ஆண்டுகள் வீட்டில் இருந்தவள். கணவனின் படகு கடலில் உடைந்த பின் அவளுக்குச் சம்பளம் அவசியமாயிற்று. ஓர் இறால் பண்ணையில் அவளிடம், நோய் வராமல் வளர்த்துத் தருவீர்களா என்று கேட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் பழகிய வாய். “சொல்ல ஏலாது” என்று சொல்லிவிட்டு மௌனமானாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

“உண்மையைச் சொல்லச் சொன்னீங்க சேர், சொன்னன். இப்ப உண்மையை உலையில போட்டுச் சோறாக்கட்டா?” என்று வந்து கேட்டாள்.

‘ஓம்’ என்று உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும், நேர்முகத் தேர்வு ஆய்வரங்கு அல்ல என்றேன் நான். நஸீர் ஒப்பவில்லை. நாளை இறால் செத்தால் அந்த ‘ஓம்’ அவளைத்தான் பிடிக்கும் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“சொன்னது சரி புள்ள. அதோட வாயை மூடினதுதான் பிழை. ஆய்வுக் கட்டுரையை அதுல முடிக்கலாம். வேலை தாறவனுக்கு அங்கதான் கதையே தொடங்குது.”

காலையில் எந்தக் குளத்துக்கு முதலில் போவாள், இறாலுக்குத் தீன் வைக்கும் தட்டில் எதைப் பார்ப்பாள், எதைக் கண்டால் யாருக்கு அறிவிப்பாள் என்று அவள் வாயாலேயே சொல்லவைத்தார். வேண்டாத சொற்களை நான் வெட்டினேன்.

அடுத்து அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்த பண்ணையின் முகாமையாளர் நமது பழைய சகா. ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி நஸீரிடம் கேட்டேன். மறுத்துவிட்டார்.

“என்ட பேரால உள்ள போனா, என்ட பேராலதான் நிக்கணும். அவவுக்கெண்டு ஒரு பேர் இருக்கு.”

அங்கும் அதே கேள்விதான். இம்முறை ரீட்டா ‘சொல்ல ஏலாது’ என்பதில் தொடங்கினாள். வேலை கிடைத்தது.

நஸீரின் மையத்து வீட்டில், பெண்கள் இருந்த அறையில், அவள் என் அருகே வந்து அமர்ந்தாள். முந்தின நாள் ஒரு குளத்து இறால்கள் கரையோரம் ஒதுங்கத் தொடங்கினவாம். மற்றவர்கள் பொறுத்துப் பார்ப்போம் என்றபோது, இவளே முதலாளிக்கு முன்னால் போய் நின்று நோய் என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஏசவில்லை, இனி என்ன செய்வது என்று இவளிடமே கேட்டிருக்கிறார்.

“இண்டைக்குச் சேரிட்ட சொல்ல இருந்தன், மிஸ்.”

“அவரிடம் சொல்வது போல முழுவதையும் என்னிடம் சொல்” என்றேன்.

தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். இடையிடையே நின்றாள். அந்த இடைவெளிகளில் கேள்வி போடுவதுதான் என் வழக்கம். அன்று போடவில்லை, அவள் தானே முடிக்கும்வரை இருந்தேன். அந்தப் பொறுமை என்னுடையது அல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பக்கத்துக் கதிரையில் இருந்தது அது. இனி அதை நான்தான் வைத்திருக்க வேண்டும்.